இருந்தும் கைக்கு வராத சாமான்: வன்னியில் ஒரு வயரிங் வான்

பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் முல்லைத்தீவு மாவட்டத்தில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு கிராமத்தில் சொந்தமாக மின்வேலை செய்பவர். வயது நாற்பதை நெருங்குகிறது. அக்காவின் மகன், அதாவது மருமகன், உதவிக்கு நிற்கிறார். கணக்கு வழக்கு மனைவியின் பொறுப்பு. மூவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஊரும் பெயரும் சொல்லவில்லை. தொழில் பழகி வெளியே வரும் இளைஞர்களோடு வேலை செய்பவன் நான். வயர் இழுக்கப் பழக்குகிறோம், சோதிக்கப் பழக்குகிறோம். எந்தச் சாமானை எவ்வளவு வைத்திருப்பது, எங்கே வைப்பது என்பதை மட்டும் அவர்கள் காசை இழந்துதான் பழகுகிறார்கள். அந்த இழப்பு கொஞ்சமாவது குறைய வேண்டும் என்பதே இதை எழுதக் காரணம்.

போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சார சபையின் மின்சாரம் கிடையாது. 2009க்குப் பிறகுதான் கம்பங்கள் நட்டார்கள். மீள்குடியேற்றத்தோடு வீட்டுத்திட்டங்களும் வந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்டது. ஒரு கிராமத்து வீடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் வயரிங் செய்யப்பட்டன. இவர் ஒரு மூத்த வயரிங்காரரிடம் தொழில் பழகியதும், என்விகியூ (தேசிய தொழில் தகைமை) மூன்றாம் மட்டச் சான்றிதழ் எடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

புது வயரிங்கில் ஒரு வழக்கம் உண்டு. வயரிங்காரர் லிஸ்ற் எழுதிக் கொடுப்பார், வீட்டுக்காரர் ஹாட்வெயாரில் சாமான் எடுத்து வைப்பார், கூலி பொயின்ற் கணக்கில், அதாவது லைற், பிளக் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. வேலைக்காரரிடம் கருவிப் பையும் ஏணியும் இருந்தால் போதும். இவரும் பல வருடம் மோட்டார் சைக்கிளிலேயே அப்படி ஓடினார்.

அந்த வீடுகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. விசிறி சுற்றாது. கிணற்று மோட்டார் முனகும். முதல் மழைக்கு, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்றிப் சுவிச் விழும். பழுது வேலைக்கு யாரும் லிஸ்ற் கேட்பதில்லை. "லைற் இல்லை, வாங்கோ" என்று போன் வரும், சாமானோடு வருவார் என்று எதிர்பார்ப்பார்கள். தொழிலின் தன்மையே மாறிவிட்டது. வான் வாங்கியபோது இந்த மாற்றத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்தே முளைத்தன என்பது என் கணிப்பு.

வான் வாங்கியதும் நிரப்பியதும்

2021இல் வாங்கினார். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனத்துக்கே பெரிய விலை. நகையை அடகு வைத்து, மிச்சத்துக்குக் கடன் எடுத்து, 660 சிசி சிறிய ஜப்பான் வான் ஒன்றை எடுத்தார். இந்த வகை வான்கள் ஏற்றக்கூடிய அதிகபட்சப் பாரம் 350 கிலோ. றாக், ஏணி, ட்றில் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வெல்டிங் கடையில் இரும்பு றாக் செய்து பூட்டினார். பார்க்க நன்றாக இருந்தது. றாக்கே பாரத்தில் நல்ல பங்கைத் தின்றது; கிறவல் வீதியில் இறங்கினால் முழு வானும் அதிர்ந்தது.

நிரப்பியது முழுக்கப் புது வயரிங் சாமான். 1/1.13, 7/0.67 அளவு வயர் ரோல்கள், சுவருக்குள் பதிக்கும் சங் பொக்ஸ், வயர் ஓடும் கொண்டியூட் குழாய்க்கான வளைவுகள், பல விதமான சுவிச்சுகள், வீட்டு மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் பெரிய டீபி இரண்டு மூன்று. ஹாட்வெயார் கடையின் தட்டு எப்படி இருக்குமோ அப்படியே அடுக்கினார்: சுவிச் ஒரு தட்டு, பிளக் பேஸ் ஒரு தட்டு, வயர் கீழே.

2022

அந்த வருடம் நாட்டுக்கே நடந்ததை இங்கே விரிக்கவில்லை. இவர் தொழிலைத் தொட்டவை இரண்டு.

முதலாவது விலை. மார்ச்சில் ரூபாய் விழுந்ததும் வயர் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. கையில் இருந்த பழைய ரோல்களின் பெறுமதி தானாகவே கூடியதைப் பார்த்து, "இன்றைக்கு வாங்கினால் லாபம்" என்று கடனுக்கு மேலும் வயர் எடுத்தார். அதே வேளை கட்டுமானம் படுத்துவிட்டது. புது வயரிங் வேலை இல்லை. வானுக்குள் காசு வயராக முடங்கியது.

இரண்டாவது எரிபொருள். ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு வந்தது. பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அவர் வீட்டிலிருந்து கிளிநொச்சிப் பட்டினத்துக்குப் போய்வர ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாது. ஏறத்தாழ 4 லீற்றர். மறந்த ஒரு சாமானுக்காக ஒரு தடவை ஓடினால் கிழமைப் பங்கீட்டில் ஐந்தில் ஒன்று போய்விடும். முன்பு கண்ணுக்குத் தெரியாத செலவு இப்போது எரிபொருள் வரிசையில் நிற்கும்போதெல்லாம் தெரிந்தது.

திருப்பம்

கியூஆர் காலத்தில் ஒரு மாலை. வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு. ட்றிப் சுவிச் பழுது, உள்ளே கருகியிருந்தது. மாற்ற ஒன்று வேண்டும். வானில் தேடினார், கிடைக்கவில்லை. புதுக்குடியிருப்பில் கடை பூட்டும் நேரம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "ட்றிப் இல்லாமல் டிரெக்ரா குடுத்துவிடுங்கோவன் தம்பி, விடிய மாத்தலாம்தானே."

"இல்லை அண்ணை, அது இல்லாமல் கரண்ட் விட ஏலாது" என்றார் இவர். பிறகு வீட்டுக்கார முதியவரிடம், "ஒரு இரவு பொறுத்துக்கொள்ளுங்கோ ஐயா, விடிய வெள்ளணவே வாறன்" என்று சொல்லி, தன் சார்ஜ் லைற்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மறுப்பு ஏன் சரி என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளின் எர்த் என்பது அந்த வளவில் நிலத்துக்குள் இறக்கிய உலோக றொட்தான். அதன் தடை நல்ல நிலத்தில் 10 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ற்றில் ஏதாவது உலோக உடம்புக்குக் கரண்ட் ஏறினால் நிலத்தினூடாக ஓடுவது 23 அம்பியர்தான். அளவுக்கு மிஞ்சிய கரண்டுக்கு மட்டும் விழும் 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. கோடையில் நிலம் காய்ந்தால் ஓட்டம் இன்னும் குறையும். 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும் ட்றிப் ஒன்றுதான் ஆளைக் காப்பாற்றும். "விடிய மாத்தலாம்" என்று நேரடியாக இணைத்த வீடுகள் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். சாமான் கையில் இல்லாத வேலைக்காரர் ஆபத்தான குறுக்கு வழிக்கு மிக அருகில் நிற்கிறார். வான் ஒழுங்கு என்பதை நான் பாதுகாப்பு விடயமாகப் பார்ப்பது இதனால்தான்.

விடிய ட்றிப் வாங்கி மாற்றிக் கொடுத்தார். அந்த ஞாயிறு வானைக் கழுவ இறக்கியபோது, வயர் ரோல்களுக்கு அடியில், பெட்டியோடு, அதே அளவு ட்றிப் சுவிச் ஒன்று கிடந்தது.

கொப்பி

இதைச் சொல்லி ஆலோசனை கேட்டபோது, புது றாக் செய்யும் யோசனையைத் தள்ளிவைத்து, முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சாதாரண சிஆர் கொப்பி. வேலைத்தலத்தில் ஒரு சாமான் தேவைப்பட்டு உடனே கையில் வராத ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. மருமகன் எழுதினார். மூன்று பத்தி பிரித்தோம்: ஒன்று, வானில் இல்லவே இல்லை; இரண்டு, இருந்தது, ஆனால் தேடிக் கிடைக்கவில்லை; மூன்று, கிடைத்தது, ஆனால் பழுதாகிவிட்டது.

பிரித்ததன் பயன் சில கிழமைகளில் தெரிந்தது. மூன்று பத்திக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு வாங்க வேண்டும். இரண்டாவதற்கு வாங்கவே கூடாது, அடுக்க வேண்டும். மூன்றாவதற்கு வைக்கும் முறையை மாற்ற வேண்டும். அதுவரை மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடந்தது: கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவது.

முதல் பத்தியில் விலை கூடிய சாமான் அநேகமாக இல்லை. சீலிங் விசிறி சுற்ற உதவும் 2.5 மைக்ரோபரட் கப்பாசிற்றர், கிணற்று மோட்டாருக்கான கப்பாசிற்றர்கள், வயர்களை இணைக்கும் கொனெக்ரர் துண்டு, வோல் பிளக், சரியான நீள ஆணி, 6 அம்பியர் பிரேக்கர். 13 அம்பியர் சதுரக்கால் பிளக் நாட்டின் தரமாக்கப்பட்ட பிறகும், பழைய 5, 15 அம்பியர் வட்டக்கால் சாமான் கேட்கும் வீடுகள் இருந்தன.

இரண்டாவது பத்திதான் மிக நீளமானது. சுவிச் தட்டில் சுவிச் தேடும்போது பிரச்சினை இல்லை. மோட்டார் பழுது என்றால் பிரேக்கர் ஒரு தட்டில், கப்பாசிற்றர் ஒரு வாளியில், வயர் நுழையும் துளையை இறுக்கி மூடும் கிளாண்ட் எங்கோ. வீட்டு வாசலில் நின்று வானுக்கும் கிணற்றுக்கும் நடந்தே நேரம் போனது. மருமகன் சொன்னது எனக்கு நல்ல சாட்சியாகப் பட்டது: "எல்லாம் எங்கை இருக்கு எண்டு மாமாவுக்குத் தெரியும். மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்."

மூன்றாவது பத்தி வன்னிக்கே உரியது. வெயிலில் நின்ற வானுக்குள் இன்சுலேஷன் ரேப்பின் பசை உருகி ஒழுகியிருந்தது. பைப் கம் இறுகிவிட்டது. கிறவல் புழுதி பிளக் பேஸின் துளைகளுக்குள் ஏறியிருந்தது. அதிர்வில் பல்புகள் செத்திருந்தன. சுவிச் பெட்டியொன்றுக்குள் எறும்பு முட்டையிட்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் செய்ய நினைத்தது தட்டு. அதற்கு முன்னரே ஒரு சம்பவம் வேறு வேலையை முன்னுக்குத் தள்ளியது. இரவில் வீதியில் படுத்திருந்த மாடுகளுக்குப் பிரேக் போட்டபோது எர்த் றொட்டுகள் சறுக்கி வந்து ஆசனத்தின் முதுகில் இடித்தன. யாருக்கும் காயமில்லை. அடுத்த நாளே ஆசனத்துக்குப் பின்னால் இரும்பு வலைத் தடுப்பு அடித்தார். றொட்டுகளை மூடியுள்ள பிவிசி குழாய்க்குள் போட்டுத் தளத்தோடு கட்டினார். ஏணியும் நீளக் குழாய்களும் கூரைமேல்.

இரும்பு றாக்கை விற்றார். தச்சரிடம் பிளைவூட்டில் தட்டுகள் செய்து, முன்னால் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் வைத்து, ஆசனம் பூட்டும் பழைய துளைகளில் போல்ற் போட்டு இறுக்கினார். பாரமானவை கீழே, சில்லுக்கு மேல்.

அடுக்கும் முறை தலைகீழானது. சாமான் வகையை விட்டுவிட்டு, வரும் வேலையின்படி பிரித்தார்கள். ட்றிப்–பிரேக்கர் பெட்டி, விசிறி–லைற் பெட்டி, மோட்டார் பெட்டி, வெளிவேலைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கக் கதவைத் திறந்ததும் கைபடும் இடத்தில், ஒரு சோதனைப் பை: ரெஸ்ரர், மல்ரி மீற்றர், கிளாம்ப் மீற்றர், வயர் உறையில் கசிவு உண்டா என்று பார்க்கும் இன்சுலேஷன் மெகர், ரோர்ச், மெயினைப் பூட்ட ஒரு சிறு ஆமைப்பூட்டு, "வேலை நடக்குது, போடாதையுங்கோ" என்று எழுதிய மட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இறங்குவது அந்தப் பை மட்டும். பழுது எதுவென்று கண்ட பிறகு ஒரே ஒரு பெட்டி இறங்கும். நடை பாதியாகக் குறைந்தது.

எவ்வளவு வைப்பது என்பதற்குத் தூரமே அளவுகோல். புதுக்குடியிருப்பில் எந்த நாளும் கிடைக்கும் சாமான் குறைவாகப் போதும். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போனால்தான் கிடைக்கும் என்றால், விலை குறைவானதாயின் கூடுதலாக வைத்தார். ஒரு சாமான் கையில் இல்லாவிட்டால் வீட்டை இருட்டில் விட நேரும் என்றால், விலை கூடியதாயினும் இரண்டு. 30 மில்லி அம்பியர் ட்றிப் எப்போதும் இரண்டு இருக்கும். எஸ்எல்எஸ் (இலங்கைத் தர) முத்திரையும் பெட்டியும் இல்லாமல் பாதுகாப்புச் சாமான் வாங்குவதில்லை. ஒவ்வொரு முக்கிய சாமானிலும் கடைசி ஒன்றைச் சிவப்பு ரேப் சுற்றிய பையில் போட்டார்கள். அந்தப் பையைப் பிரித்தால் அன்றே கொப்பியில் வரி விழ வேண்டும்.

எதை இறக்குவது என்பது கடினமான பேச்சாக இருந்தது. கடனுக்கு வாங்கிய வயரைக் குறைந்த விலைக்கு விற்க அவருக்கு மனமில்லை. மனைவி கணக்கை முன்னால் வைத்தார்: நகை வட்டி ஒவ்வொரு மாதமும் ஓடுகிறது, வயர் ஓடவில்லை. அளவுக்கு ஒரு ரோல் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டுமானக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். டீபிகளும் சங் பொக்ஸும் வீட்டு அறைக்குப் போயின. புது வயரிங் வந்தால் பழையபடி லிஸ்ற்தான்.

ஹாட்வெயார் முதலாளியோடு ஒரு ஒழுங்கும் செய்தார். "பெட்டி உடைக்காட்டி ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தாரும் தம்பி, எடுக்கிறன். ஆனால் மாசக் கடைசியில கணக்கு முடியோணும்" என்றார் முதலாளி. கடன் எல்லையில்லாமல் நீள்வது அதோடு நின்றது.

வெயிலுக்கும் புழுதிக்கும் எளிய வழிகள்தான். சிறு சாமான் எல்லாம் மூடி இறுகும் ஐஸ்கிறீம் பெட்டிகளில். பைப் கம், ஸ்பிறே, ட்றில் பற்றரி மூன்றும் இரவில் வீட்டுக்குள். ரேப் மாதத்துக்கு வேண்டியது மட்டும்.

முதல் மாரி

முறை ஓடத் தொடங்கியதும் வடகீழ் பருவமழை வந்தது. இங்கே மழை தொடங்கும் கிழமைகளில்தான் அழைப்புகள் குவியும்: மழைத்தண்ணீர் ஏறிய வெளி ஹோல்டர், கிணற்றடிச் சுவிச், இடிக்குப் போன ட்றிப்.

அந்த நெருக்கடியில் முறை ஓரளவு குலைந்தது. கொனெக்ரர், ரேப், வோல் பிளக், ஆணி ஆகிய நான்கும் எல்லாப் பெட்டிக்கும் தேவை. ஒரு பெட்டியில் முடிந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்தார்கள்; எதில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போனது. கார்த்திகை நடுவில் பெட்டிகள் கலந்துவிட்டன. வேலைப்படி பிரிப்பதன் பலவீனம் இதுதான். பொதுச் சாமான் நான்கையும் பெட்டிகளிலிருந்து எடுத்து, கதவோரம் ஒரே தட்டில் வைத்த பிறகு சீராயிற்று. ஞாயிறு மாலை அந்தத் தட்டை நிரப்புவது மருமகனின் வேலை.

அதே மாரியில் நடந்த ஒன்றை முறையின் உண்மையான பரிசோதனையாக எடுக்கிறேன். காய்ச்சலில் இவர் படுத்திருந்தபோது ட்றிப் நிற்காத ஒரு வீட்டுக்கு, தொழில் தெரிந்த நண்பர் ஒருவரோடு மருமகன் போனார். அந்த நண்பர் இந்த வானை முன்பு கண்டதில்லை. சோதனைப் பை இறங்கியது; சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் வைத்தார்கள்; கிணற்றடிச் சுவிச்சில் தண்ணீர். வெளிவேலைப் பெட்டியில் மூடியுள்ள சுவிச்சும் கிளாண்டும் இருந்தன. வான் தெரியாத ஒருவர் கேட்ட சாமானை மருமகன் தேடாமல் எடுத்துக் கொடுத்தார். "மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்" என்ற நிலை அங்கே முடிந்தது.

விளைவு

சாமானுக்காகத் திரும்பி ஓடுவது அரிதாகிவிட்டது. கொப்பியின் இரண்டாவது பத்தி கிட்டத்தட்ட வெறுமை. 2023 செப்டம்பரில் கியூஆர் முறை நின்ற பிறகும் அவர்கள் எழுதுவதை விடவில்லை. முடங்கிய காசு வெளிவந்ததில் நகையை மீட்டார்கள். பாரம் குறைந்ததில் பின் ஸ்பிறிங்கும் ரயரும் முன்னைவிட நின்றுபிடிக்கின்றன என்கிறார். எண்ணெய்ச் செலவில் தெரிந்த வித்தியாசத்தில் எது பாரத்தால், எது ஓட்டம் குறைந்ததால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பருவத்துக்கேற்ப நிரப்பும் பழக்கமும் கொப்பியிலிருந்தே வந்தது. சிறுபோகத்திலும் தோட்ட இறைப்புக் காலத்திலும் மோட்டார் பெட்டி பெருக்கும். புரட்டாதி முடியும்போது அது சுருங்கி ட்றிப்பும் வெளிச் சாமானும் கூடும்.

தீராத ஒன்றும் உண்டு. எர்த் றொட் துருப்பிடித்துப்போன, அல்லது எர்த் வயரே கழன்ற பழைய வீடுகள் பல. வானில் றொட் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அதற்குக் காசு இல்லை. இது சாமான் ஒழுங்கால் தீராது. அப்படியான வீடுகளைக் கொப்பியில் நான்காவது பத்தியாக எழுதி, மாதத் தவணையில் செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். இதுபற்றி நான் அவரை மிகவும் மதிக்கிறேன்.

இனி மாற்ற வேண்டியவை

மீண்டும் தொடங்குவதானால் வான் வாங்கு முன்னரே கொப்பி தொடங்கியிருப்பேன் என்கிறார். மோட்டார் சைக்கிள் காலத்திலேயே கைக்கு வராத சாமானை எழுதியிருந்தால், றாக்குக்கும் வயருக்கும் போன காசு மிஞ்சியிருக்கும். நான் அதோடு தடுப்பு வலையைச் சேர்ப்பேன்: தட்டுக்கு முன், சாமானுக்கு முன், முதல் நாளே. விலை ஏறுகிறது என்பதற்காகக் கடனில் சாமான் குவிப்பதையும் புதிதாகத் தொழில் தொடங்கும் யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இவர் தப்பியது மனைவியின் கணக்கால்.

வாகனத்தின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உள்ளே இருக்கும் சாமானுக்குப் பொருந்தாது. செம்பு திருட்டுப் போகும் பொருள். பின் கதவுக்கு இரண்டாவது பூட்டும், மீற்றர்களின் தொடர் இலக்கங்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவதும் பிந்தித்தான் வந்தன, முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்ததாக, மருமகனுக்குச் சோதனைப் பையோடும் ஒரு சிறு பெட்டியோடும் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, பழுது அழைப்புகளுக்குத் தனியாக அனுப்ப யோசிக்கிறார்கள். அந்தச் சிறு பெட்டிக்குள் எந்தச் சாமான் போக வேண்டும் என்று, கடந்த வருடக் கொப்பியை வைத்துக்கொண்டு இப்போது மருமகன் பட்டியல் எழுதுகிறார்.